ஸ்டெல்லாவின் முதுகில் என் கை

நான் அழகாக உடுத்திக்கொண்டு கிளம்பினால் யாருக்காவது கேடு வரும் என்பது எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. மூடநம்பிக்கை என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சாட்சிகள் மூன்று பேர் இதே மதுரையில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வேறு. அவள் சொன்னால் ஊரே நம்பும்.

கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் ஒரே பெஞ்சு. ஸ்டெல்லா, நூர்ஜகான், செல்வி, நான். மற்ற மூவருக்கும் அவரவர் பெயர் இருந்தது, எனக்கு மட்டும் 'கசங்கி'. விடுதியில் இஸ்திரிப் பெட்டிக்கு வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல், தலையணைக்கு அடியில் மடித்து வைத்த தாவணியைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவேன் என்பதால் செல்வி வைத்த பெயர் அது. (தலையணைக்கு அடியில் வைத்தால் இஸ்திரி போட்டது போல ஆகிவிடும் என்று யாரோ சொல்லித்தான் வைத்தேன். சொன்னவர் அசையாமல் தூங்குகிறவராக இருந்திருக்க வேண்டும்.) கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், செல்வி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அலங்காநல்லூர் ரோட்டில் அவள் வீட்டுக்காரருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பாடு, அவள் அயிரை மீன் குழம்பு வைப்பாள், நூர் பிரியாணி கொண்டு வருவாள், ஆம்பளைகள் யாரும் கிடையாது என்று ஏற்பாடு. எல்லாம் முடிவான பிறகு ஸ்டெல்லாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் வேலை பார்க்கும் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியை பதவிக்கு நேர்காணல். அதே நாள், சாயங்காலம் நாலு மணிக்கு.

அவள் வரவில்லை என்றுதான் சொன்னாள். நான்தான் விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதற்கு எங்களோடு வந்து மீனைக் கடிக்கலாம், அங்கிருந்து நேராகப் போய்விடலாம் என்று போனில் அரை மணி நேரம் வாதாடி அவளைச் சம்மதிக்க வைத்தேன். இதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை அவர்கள் மூவரும் எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார்கள்.

எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு லட்சியம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவர்கள் முன்னால் கசங்காமல் போய் நிற்க வேண்டும். அதற்காகவே ஒரு சுங்குடிச் சேலை வாங்கினேன். அடர்ந்த அரக்கு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. புதுச் சுங்குடியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிவிட்டுத்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் சாயம் போகும் என்பது மதுரையில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீரில் போட்டால் கடைக் கஞ்சியின் மொடமொடப்பு போய்விடுமே. அந்த மொடமொடப்புக்காகத்தானே வாங்கினேன்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உப்புத்தண்ணில போட்டியா?"

"வந்து போடுறேங்க."

"வந்து போடுறதுக்கு அதுல சாயம் இருக்கணும்ல."

ஆண்களுக்குச் சேலையைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

ஸ்டெல்லா கோச்சடையில் எங்கள் வீட்டுக்கே வந்து என்னைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டாள். ஏசி வேலை செய்யவில்லை. சேலை கசங்கக் கூடாது என்று முதுகைச் சாய்க்காமல், கல்யாண மேடையில் உட்கார்ந்த பெண்ணைப் போல வழியெல்லாம் விறைப்பாக வந்தேன். வேர்வை ஊற்றியது. ஸ்டெல்லா சந்தன நிறத்தில் மெல்லிய கரை போட்ட சேலை, அதே நிறத்தில் ஜாக்கெட். பார்த்தாலே எழுந்து நின்று வணக்கம் சொல்லத் தோன்றும். அலங்காநல்லூர் ரோட்டில் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு தடவ கைக்கு வந்து போயிருச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே நான் கேக்கவே மாட்டேன்டி."

அவளைப் போல வேலை செய்கிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. உனக்குத்தான் கிடைக்கும், நான் சொல்கிறேன் என்றேன். நான் சொல்லி எதுவும் நடந்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும், இருந்தாலும் சிரித்தாள்.

தோப்பில் செல்வி நைட்டியும் தோளில் துண்டுமாக அடுப்படியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏய், இது நம்ம கசங்கியா?" என்றாள். அந்த நிமிஷமே நான் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். வந்த காரியம் முடிந்துவிட்டது.

நூர் புர்காவைக் கழற்றி மாமரக் கிளையில் மாட்டினாள். உள்ளே சாதாரண வெளிர்நீலப் பருத்திச் சேலை. வெயிலுக்கு நல்லது, மேலே புர்கா போட்ட பிறகு உள்ளே பட்டு கட்டினால் யாரு பாக்கப் போறா என்றாள். பாவம், உடுத்தத் தெரியவில்லை என்று நான் மனதுக்குள் அவளுக்காக வருத்தப்பட்டேன். (இந்த வரியை நூர் படிக்காமல் இருக்கக் கடவது.)

பாயில் உட்காரும்போது செல்வி என் காலைக் கவனித்தாள். "மருதாணியா? நல்லாப் பிடிச்சிருக்கே" என்றாள். குனிந்து பார்த்தேன். கணுக்கால் வரை செக்கச்செவேல் என்று இருந்தது. பாராட்டு வரும்போது ஏன் விட வேண்டும் என்று ஆமாம் என்றேன். நூர் மட்டும் என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பிரியாணியைப் பார்த்தாள். மருதாணி எது என்று அவளுக்குத் தெரியாதா? அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். விருந்தில் ஒருத்தி மானத்தை வாங்கக் கூடாது என்று பேசாமல் இருந்தாளாம்.

சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை முடியாது. பிரியாணியும் அயிரை மீன் குழம்பும் ஒரே இலையில் சேரக் கூடாது என்பவர்கள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஸ்டெல்லாகூட காலையிலிருந்து சாப்பிடாததற்கெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டாள். பழைய கதைகளில் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கை கழுவ பம்புசெட் தொட்டிக்குப் போனோம். செல்வி மோட்டாரைப் போட, குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து என் கொசுவம் முழுக்க நனைந்தது. இரண்டு கையாலும் பிழிந்தேன். அதற்குள் ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டு, கிளம்புறேன் என்று காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஓடிப் போய், பின்னாலிருந்து அவள் முதுகில் வலது கையை ஓங்கி வைத்தேன். வைத்தேன் என்ன, அழுத்தினேன்.

"தைரியமாப் போடி. நீதான் எச்.எம்."

கையை எடுத்தேன். அங்கே என் கை இருந்தது.

கட்டை விரல் முந்தானையில், மற்ற நாலு விரலும் ஜாக்கெட்டில். ரேகைகூடத் தெரிந்தது. ஜோசியக்காரர் அந்த ஜாக்கெட்டைப் பார்த்தே எனக்குப் பலன் சொல்லியிருக்கலாம்.

நூர்தான் முதலில் பேசினாள். "ஸ்டெல்லா, நில்லு. திரும்பாத."

செல்வி ஓடிப் போய் எலுமிச்சம்பழமும் கல்லுப்பும் கொண்டு வந்து தேய்த்தாள். என் சேலைக்கு முன்தினம் சேர வேண்டிய உப்பு, ஸ்டெல்லாவின் சேலைக்கு வந்து சேர்ந்தது. கட்டை விரல் கரைந்து, வழிந்து, இடுப்பு வரை ரோஸ் நிறத்தில் இறங்கியது. ஜாக்கெட்டிலிருந்த நாலு விரல் மட்டும் அசையவே இல்லை. மணி மூன்றாகப் போகிறது. ஸ்டெல்லா திட்டவில்லை, அழவும் இல்லை. காரில் கையூன்றிக்கொண்டு, "நான் போகலடி" என்றாள். நான் தேம்பி அழுதேன். கண்ணைத் துடைக்கப் போன கையை செல்வி பிடித்து நிறுத்தினாள். (மூஞ்சியாவது மிஞ்சட்டும் என்ற நல்ல எண்ணம்.)

நூர் மாமரத்துக்குப் போய்ப் புர்காவை எடுத்து மாட்டினாள். உள்ளிருந்து சேலையை உருவி ஸ்டெல்லாவிடம் நீட்டினாள். "இதக் கட்டிக்க. உன் சேலைய நான் உள்ள சுத்திக்கிட்டுப் போறேன், யாரு பாக்கப் போறா?"

யாரு பாக்கப் போறா என்று கட்டிய சேலைதான் அன்றைக்கு நேர்காணலுக்குப் போனது. வெளிர்நீலம், சுத்தமான பருத்தி, தலைமையாசிரியைக்கென்றே நெய்தது போல இருந்தது. ஜாக்கெட் ஒன்றுதான் பாக்கி. நூரின் ஜாக்கெட் ஸ்டெல்லாவின் ஒரு கைக்குத்தான் காணும். கடைசியில் முந்தானையை முதுகைச் சுற்றி இழுத்து, இரண்டு தோளையும் மூடிப் போர்த்தி அனுப்பினோம். கார் கண்ணை விட்டு மறையும் வரை நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அங்கே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். மே மாத வெயிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, தாளாளர் ஃபாதர், "காய்ச்சலாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல ஃபாதர், பழக்கம்" என்றிருக்கிறாள். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தாராம். மற்ற கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில்களால்தான் வேலை கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழக்கம் என்று சொன்ன பிறகு பழகித்தானே ஆக வேண்டும். தலைமையாசிரியை ஸ்டெல்லா இன்றுவரை வருடம் முழுக்கப் போர்த்திய முந்தானையோடுதான் பள்ளிக்குப் போகிறாள். இப்போது அங்கே சின்ன டீச்சர்களும் அப்படியே போர்த்திக்கொண்டு வேர்க்கிறார்களாம், அதுதான் பள்ளி வழக்கம் என்று நினைத்து.

அன்று ராத்திரி நூரின் வீட்டில் அந்தச் சந்தனச் சேலையைப் பார்த்து அவள் மகள், யாரைக் கொலை செய்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டது தனிக் கதை. எங்கள் நால்வரின் வீட்டு விசேஷங்களில் யாரையாவது ஆசீர்வதிக்க நான் கையைத் தூக்கினால், முதலில் கையைக் காட்டச் சொல்கிறார்கள். போன வருடம் நூர் மகளின் கல்யாண மேடையில் மாப்பிள்ளைகூடக் கேட்டார்.

என் சுங்குடி மூன்றே சலவையில் வெளுத்துப் போனது. ஆனால் ஸ்டெல்லாவின் ஜாக்கெட்டில் என் நாலு விரல் அப்படியே இருக்கிறது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் நாளில் போர்த்திய முந்தானைக்குள் அதைத்தான் போட்டுக்கொள்கிறாள். இந்த ஜூனிலும் காலையில் போன் செய்தாள்.

"உன் கைய முதுகுல போட்டுக்கிட்டுப் போறேன்டி. வச்சிரட்டா?"

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"துடைக்கிறதுக்கு முன்னாடி கையப் பாத்துக்கிட்டியா?"