வாளவராயன் கதி

எழுத்தாளர் சுந்தரராமன் சென்னையில் விமானம் ஏறிவிட்டார். மில்பிடாஸ் தமிழ்ச் சங்கத்தில் அவரைப் பாராட்டிப் பேச வேண்டிய சேனாபதி, அவருடைய நாவலின் கடைசிப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு தடவை படிச்சேன்னு யாரு உங்களைச் சங்கத்துல அளக்கச் சொன்னா?" என்றாள் மனைவி சாந்தாமணி.

"படிச்சேனே! கடைசி அத்தியாயம் மட்டும்தான் இல்ல."

'வாளவராயன் வாசல்' இருபது வருடங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடர். புத்தகமாக வரவேயில்லை. மாமனார் வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்ட் செய்ததைத்தான் சேனாபதி அமெரிக்காவுக்குச் சுமந்து வந்திருந்தார். அதில் வாளவராயன் கோட்டை மதிலில் நிற்கிறான், கீழிருந்து ஓர் அம்பு கிளம்புகிறது, 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருக்கிறது. முடிவு வந்த தாளின் பின்புறம் ரிப்பன் பக்கோடா செய்முறை வந்திருந்ததால் மாமியார் அதைக் கத்தரித்துக்கொண்டுவிட்டார்.

வேலை போய் வீட்டில் கிடந்த மாதங்களில் சேனாபதிக்கு அந்த நாவல்தான் துணை. அதை எழுதியவர் எதிரிலேயே, முடிவு தெரியாத ரசிகன் என்று அம்பலமாவதை நினைக்கவே கூசியது.

இர்விங்கில் இருந்த நண்பன் ஜம்புநாதனுக்குப் போன் போட்டார்.

"ஜம்பு, வாளவராயன் கடைசியில என்னடா ஆனான்?"

"என்னையா கேக்கறே? உன் பைண்டிங்கை வாங்கித்தானேடா நானே படிச்சேன்!"

அந்தக் காலத்தில் பத்திரிகையிலேயே தொடரைப் படித்த ஹூஸ்டன் வசந்தாமணி ஆன்ட்டி, "செத்துட்டான்பா" என்று அடித்துச் சொன்னார். சேனாபதிக்கு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் சங்கச் செயலாளர் யாமினி கூப்பிடும் வரைதான்.

"அங்கிள், வாளவராயனுக்குக் கடைசியில கல்யாணமாமே, அம்மா சொன்னாங்க! நீங்க அந்த முடிவைப் பத்தியே பேசுங்க. எல்லாருக்கும் ஈமெயில் பண்ணிட்டேன்."

செத்தவனுக்கு எப்படிக் கல்யாணம் செய்வது என்று சேனாபதி இரண்டு நாள் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை மேடையேறி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முடிவை நான் சொல்ல மாட்டேன். படிக்காதவங்களுக்கு சுவாரசியம் போயிடும்."

"படிக்கறதுக்குப் புக்கே இல்லையே, சொல்லுங்க சார்!" என்றது கூட்டம்.

"சொன்னா நான் அழுதுடுவேங்க."

அது பொய்யில்லை, அப்போதே கண் கலங்கிவிட்டது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் சுந்தரராமன் மட்டும் கைதட்டாமல் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும், "எனக்கு ஹோட்டல் வேண்டாம். சேனாபதி சார் வீட்டுலயே தங்கிக்கறேன்" என்றார்.

ஃப்ரீவேயில் கார் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் எழுத்தாளர் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டார், வீட்டுக்குப் போய்க் கிழிக்கப்போகிறார் என்று சேனாபதிக்குத் தோன்றியது. தாங்க முடியவில்லை.

"சார், அந்தக் கடைசி அத்தியாயம்... உண்மையைச் சொல்லிடறேன்."

"இருங்க, முதல்ல என் உண்மையைக் கேளுங்க" என்றார் சுந்தரராமன். "பத்திரிகை ஆசிரியரோட எனக்குச் சண்டை. கடைசி அத்தியாயத்தை நான் எழுதிக் கொடுக்கவே இல்ல. ஆபீஸ்ல யாரோ எழுதி முடிச்சுட்டாங்க. கோபத்துல அதை நான் இன்னிவரைக்கும் படிக்கல. இப்பச் சொல்லுங்க சார், என் வாளவராயன் உயிரோட இருக்கானா, இல்லையா?"