ஒரே மரத்துக்கு இரண்டு மனு

திருமுல்லைவாயில்,
18-1-1997, சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த டேவிட் அண்ணனுக்கு,

தங்கை ஞானசௌந்தரி தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் இங்கு நான், அவர், குழந்தை பிரிசில்லா மூவரும் சுகம். அங்கு நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க எங்கள் ஜெபம். உங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. சுகமில்லை. கோர்ட்டில் பதினைந்து வருஷமாக டைப் அடிக்கிறீர்களே, ஒரே ஆள் ஒரே வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் மனு எழுதிக் கொடுத்தால் உள்ளே போடுவார்களா? திங்கட்கிழமை காலைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தக் கடிதமே திங்கட்கிழமைக்குள் பாளையங்கோட்டை வந்து சேராது என்பது இப்போதுதான் உறைக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

இங்கே ஏரிக்கரைச் சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். கிளை முழுக்க வக்காக்கள் கூடு கட்டியிருக்கின்றன. கொக்கு ஜாதிதான், கண் மட்டும் சிவப்பு. மரத்தடியில் குல்ஷன் அக்காவின் ஆப்பக்கடை. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பதினோரு நாள் பிரிசில்லாவைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு ஆப்பம் சுட்டவள் அவள்தான். அந்தக் கடையை விட்டால் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் வேறு வழியில்லை. புதிதாக வந்த நகராட்சி மன்றம் அந்தச் சாலையில் மூன்று கடைக்கு மேல் உரிமம் கிடையாது, பறவை கூடு கட்டும் மரத்தடியில் கடைக்கு உரிமமே கிடையாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்து, கருத்து உள்ளவர்கள் மனுக் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியது. இந்தக் காலனியில் மனு என்றால் என் வீடுதான், அண்ணா. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள், கையெழுத்தும் முத்துமுத்தாக இருக்கிறது என்று ரேஷன் கார்டிலிருந்து தெருவிளக்கு வரை நான்தான் எழுதுகிறேன். எனக்கு முடியாது என்று சொல்ல வராது, அது உங்களுக்கே தெரியும்.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மனோகரன் சார் வந்தார். ரிட்டையர்டு சர்வேயர், நலச்சங்கத் தலைவர், எப்போதும் கழுத்தில் பைனாகுலர். "அம்மா, புகையில அந்த ஜீவனுங்க தவிக்குது. கொஞ்சம் அழுத்தமா எழுதுங்க" என்றார். மனுவில் அழுத்தம் இல்லாவிட்டால் யார் படிப்பார்கள்? "நானூறு பறவைகள் மூச்சுத் திணறிக் கண்ணீர் உகுக்கின்றன" என்று எழுதினேன். வக்கா கண்ணீர் விடாது என்று எனக்குத் தெரியாதா? அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போன பத்தாவது நிமிஷம் குல்ஷன் அக்கா ஓடி வருகிறாள். "யம்மா, கடைய தூக்கிடுவானுங்களாம்மா! அந்த மரத்துல பறவையே இல்லன்னு எய்திக் குடு. நீ எய்தினா நம்புவானுங்க." பதினோரு நாள் கண்ணெதிரே வந்து நின்றது. "மேற்படி மரத்தில் ஒரு காக்கைகூட உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை" என்று எழுதிவிட்டேன்.

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. இரண்டு மனுவையும் ஒரே நோட்டில், அடுத்தடுத்த தாளில் எழுதிக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் பிரிசில்லா ஆரஞ்சு கிரேயானில் ஒரு மின்சார ரயில் போட்டிருக்கிறாள், இரண்டு தாளுக்கும் சேர்த்து. நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. நேற்று கூட்டத்தில் சேர்மன் லோகநாதன் இரண்டையும் சத்தமாகப் படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். குல்ஷன் அக்கா பார்வையாளர் பெஞ்சிலிருந்து பார்த்துவிட்டு வந்து, அவர் கேட்டதை எனக்கு நடித்தே காட்டினாள். "இன்னாய்யா இது? அந்த மனுல இன்ஜின் கீது, இந்த மனுல பொட்டி கீது! ரெண்டையும் சேத்து வெச்சா ஆவடி லோக்கல் கெளம்புது!" மன்றமே சிரித்ததாம். பிறகு, எழுதிய அம்மாவைத் திங்கட்கிழமை கூப்பிடுங்கள், அந்த மரத்தில் பறவை உண்டா இல்லையா என்று அவர் வாயாலேயே கேட்டு முடிவு செய்வோம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். உண்டு என்றால் அக்கா கடை போச்சு. இல்லை என்றால் அண்ணாந்து பார்க்கிற ஆளெல்லாம் என்னைப் பொய்க்காரி என்பான். குல்ஷன் அக்காவுக்கோ அந்தக் கவலையே இல்லை. "ஏம்மா, அந்தாளுக்கு மட்டும் நானூறு எய்தினியே, எனக்கு ஒரே ஒரு காக்காதானா?" என்று கோபித்துக்கொள்கிறாள். உங்கள் மாப்பிள்ளையிடம் அழுதேன். "நான் செகண்ட் ஷிஃப்ட் போறேன். ஜெயிலுக்குப் போறதா இருந்தா சாவிய பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போ" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். என்ன மனுஷன், பாருங்கள்!

வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்கிறேன் அண்ணா, இனி என் கையால் ஒரு பொய்யும் காகிதத்தில் ஏறாது. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் எல்லாரையும் ஆண்டவர் கண்மணிபோல் காப்பாராக. எனக்காகவும் இரண்டு வார்த்தை ஜெபியுங்கள்.

உங்கள் தங்கை,
ஞானசௌந்தரி.

பி.கு.: ஸ்டாம்ப் இல்லாமல் கடிதம் அலமாரியிலேயே தங்கிவிட்டது. இன்று 23ஆம் தேதி. திங்கட்கிழமை மன்றத்துக்குப் போனேன். உண்மையையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானே மரத்தடியில் நின்று எண்ணினேன், முப்பத்தேழு கூடு. ஆறு வருஷமாக ஆப்பப் புகைக்கு மேலேதான் குஞ்சு பொரிக்கின்றன, கடையால் ஒரு கெடுதலும் இல்லை என்றேன். கை தட்டினார்கள். அக்காவுக்கு உரிமம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: விலங்கியல் பட்டதாரியான நான் மாதாமாதம் கூடுகளை எண்ணிச் சான்று எழுதித் தர வேண்டும், கூடுகள் குறைந்துபோனால் உரிமம் ரத்து. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வழியில் மனோகரன் சார் சொல்கிறார், "மார்ச்சுல குஞ்சு பறந்ததும் எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிடும்மா, நவம்பர்லதான் திரும்பி வரும், வருஷா வருஷம் அப்படித்தானே. நீங்க ஜுவாலஜி, தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன்." வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு மாதச் சான்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். ஏழில் முப்பத்தேழு. ஜூனில் மட்டும் முப்பத்தெட்டு என்று போட்டிருக்கிறேன். எல்லா மாதமும் ஒரே எண்ணிக்கை என்றால் சந்தேகம் வராதா, அண்ணா?