விசில் அக்காவின் குக்கர் ஸ்பிதி போன கதை

விசில் அக்காவைப் போல ஒருத்தி இனி பெங்களூரில் பிறக்கப்போவதில்லை; பிறந்தாலும் எந்த ஆபீஸும் வேலைக்கு எடுக்காது.

எங்கள் தொம்மலூர் ஆபீஸில் அக்காவுக்கு அட்மின் வேலை. அது சம்பளத்துக்கு. மனசெல்லாம் பேன்ட்ரியில் அவர் வைத்திருந்த பிரஷர் குக்கர்மேல்தான். கடையில் விற்கிற எதுவும் வெந்த சோறே இல்லை என்பது அவர் கட்சி. ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ மீட்டிங் நடக்கும்போது குக்கர் கூவிவிட்டது. அதென்ன சத்தம் என்று அவர் கேட்க, பக்கத்தில் ரயில் போகிறது என்று மேனேஜர் சமாளித்தார். பிறகு அந்த மனுஷன் நேரில் வந்து, ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தண்டவாளத்தைத் தேடினார். மேனேஜருக்கு ஏசியிலும் வியர்த்துக் கொட்டியது.

போன வருஷம் டீமாக இமாச்சலத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். மரம் முளைக்காத உயரத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தால் அது ஒரு ஊர்.

"அவ்ளோ ஒசரத்துல அரிசி வேகாதாம்ப்பா. நான் குக்கரைத் தூக்கிட்டு வரேன்" என்றார் அக்கா.

விமான நிலையத்தில் பையைப் பிரித்த அதிகாரியிடம் தமிழ், கன்னடம், தக்கினி உருது என்று மாற்றி மாற்றி வாதாடினார். குக்கர் போகலாம், மூடிமேல் போடும் வெயிட் மட்டும் கூடாது என்று தீர்ப்பாயிற்று. யார்மேலாவது எறிந்துவிடுவாராம். வெயிட் இல்லாத குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, எழவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு அக்கா பறந்து வந்தார்.

ஊர் போய்ச் சேர்ந்து, தங்கிய வீட்டின் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தால், சின்னதும் பெரியதுமாகக் குக்கர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அங்கே வீட்டுக்கு வீடு அப்படித்தானாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா தன் குக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. தலை பிளந்தது. குடித்த தண்ணீரும் வாந்தியாகத் திரும்பியது. கீழே இறக்குவதுதான் வைத்தியம். ஆனால் பாறை சரிந்து பாதை அடைபட்டிருந்தது. ஊர் நர்ஸம்மா மாத்திரை கொடுத்து, வயிற்றில் ஏதாவது தங்கினால்தான் ஆள் தாங்குவார் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரம்மாள் வெண்ணெய் டீ கொண்டுவந்தார். வாசனைக்கே குமட்டியது. திருப்பத்தூரில் இருக்கும் அம்மாவை நினைத்து நான் அழவே ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா குக்கரை வெளியே இழுத்துத் திறந்தார். உள்ளே புழுங்கல் அரிசி, புளி, ரசப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய்.

"அழாத பாலா. ஒரு வாய் ரசஞ்சோறு உள்ள போச்சுன்னா எல்லாம் நிக்கும். நான் இருக்கேன்ல?"

திறந்திருந்த கதவு வழியே நான் படுத்தபடியே பார்த்தேன். அரிசியைக் கழுவிவிட்டு, வெயிட் இல்லாத தன் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தார் அக்கா. பிறகு மானத்தை எல்லாம் விட்டுவிட்டு, அரிசியை வீட்டுக்காரம்மாளின் குக்கரில் கொட்டப் போனார். அந்தம்மாள் அக்காவின் கையைப் பிடித்துத் தடுத்தார். தன் குக்கரிலிருந்து வெயிட்டைக் கழற்றி, அக்காவின் மூடிமேல் போட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அடுப்பின் இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் குக்கர் கூவியது.

சாப்பிட்டேன். தங்கியது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தேன். பாதை சரியானதும் பத்திரமாகக் கீழே இறங்கினோம். கிளம்பும்போது அக்கா வெயிட்டைத் திருப்பிக் கொடுக்க, அந்தம்மாள் தன் மற்ற குக்கர்களைக் காட்டிச் சிரித்துவிட்டு, அக்காவின் விரல்களை வெயிட்டின்மேல் மடக்கிவிட்டார். மிச்சமிருந்த ஊறுகாயை பாட்டிலோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தார் அக்கா.

நான் இன்று உட்கார்ந்து இதை எழுதுவது அந்த இரண்டு பெண்களின் புண்ணியம். அந்த வெயிட்தான் இப்போது தொம்மலூரில் கூவுகிறது. பழையதைவிடக் கொஞ்சம் கரகரப்பு. மீட்டிங் நடுவே யாராவது கேட்டால், ரயில் என்று சொல்லும் பொறுப்பை மேனேஜர் எனக்குக் கொடுத்துவிட்டார். நானும் சொல்கிறேன். ஆனால் அது கூவி முடிக்கும்வரை ஒருவரையும் பேசவிடுவதில்லை.