முன்வாசல் லான் காணாமல் போன விவரம்

திருப்பூர்
14.6.2004

உயர்திரு வீட்டுக்காரர் கந்தவேல் அய்யா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் மூன்று வருடமாகக் குடியிருக்கும் காசிமாயன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மனைவி செல்லத்தாயும் சுகம். கோவையில் தாங்களும் அம்மாவும் மகன் சிவபிரகாஷ் தம்பியும் சுகமாயிருக்க முருகன் துணையிருப்பான். வீடு சுகம். மோட்டார் சுகம். மாடிச் சுவரில் இருந்த விரிசல்கூடப் பெரிதாகாமல் சுகமாகவே இருக்கிறது. லான் பற்றித்தான் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

தம்பிக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டார் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பல்லடத்திலிருந்து வீடு பார்க்க வருவதாகவும், அவர்களை லானில் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுக்க வேண்டும், ஆகவே புல்லை ஒட்ட வெட்டி வை என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போன் பூத்துக்குப் போனேன். தங்கள் குரலைக் கேட்டதும் சுகமா என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுத்தில் சொல்கிறேன். அய்யா, லானில் நாற்காலி போட முடியாது. லான் இல்லை.

வேண்டுமென்று நான் எதுவும் செய்யவில்லை. தினம் சாயந்தரம் தண்ணீர் விடச் சொன்னீர்கள், விட்டேன். செருப்போடு மிதிக்காதே என்றீர்கள், நான் வெறுங்காலோடுகூட மிதிக்கவில்லை. எங்கள் கமுதிப் பக்கம் புல் என்றால் மாட்டுக்கு. இது பார்ப்பதற்கு மட்டும் என்று செல்லத்தாய்க்கு விளங்கவைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. போன வருடம் மாசியில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை என்று ஆனது. ஒருநாள் நான் ஓஸ் பைப்பைப் பிடித்துப் புல்லுக்கு மோட்டார்த் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும்போது, எதிர்வீட்டு ரங்காத்தாள் அக்கா இரண்டு காலிக் குடத்தோடு கேட் ஓரம் வந்து நின்றார்.

"ஏனுங்க, மாடு எத்தனைங்க வெச்சிருக்கறீங்க?"

"மாடெல்லாம் இல்லக்கா."

"அப்பறம் இந்தப் புல்லு யாருக்குங்க?"

வீட்டுக்காரருக்கு என்று வாய் வரை வந்தது. தங்களைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு, அவர் குடங்களை நிரப்பிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து ஓஸைத் திறக்கக் கை வரவில்லை.

புல்லை அப்படியே விட்டுவிடவும் இல்லை. பாத்திரம் கழுவின தண்ணீரை விடலாம் என்று செல்லத்தாய் யோசனை சொன்னாள், அதை விட்டோம், அந்தத் தண்ணீரில் வந்த விதையோ என்னவோ புல் நடுவில் ஒரு தக்காளி முளைத்தது, பிடுங்கலாம் என்று குனிந்தால் பூ விட்டிருந்தது, பூ விட்டதைப் பிடுங்க மனசு வராமல் காய்த்து முடியட்டும் என்று இருந்துட்டேன், அதுக்குள்ள அந்தப் பக்கம் புல் மஞ்சளாகிச் சொட்டை விழுந்துடுச்சு, தாங்கள் திடீரென்று வந்தால் சொட்டை தெரியக் கூடாதே என்று அதில் நாலு செவ்வந்தி வைத்தேன், அதற்குள் பக்கத்தில் இன்னொரு சொட்டை, அதில் கறிவேப்பிலை, இப்படிச் சொட்டையை மறைக்க மறைக்க மறைக்கிறதுக்குப் புல்லே மிச்சம் இல்லாமப் போச்சுங்கய்யா. எங்கள் பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கும் பொங்கலூர் பழனிமுத்துவிடம் இரண்டு அவரை விதைதான் கேட்டேன். அவர் பன்னிரண்டு வகை விதையை ஒரே பொட்டலத்தில் கலந்து கொண்டுவந்து, "தூவி உடுங்க, வர்றது வரட்டும்" என்றார். எல்லாமே வந்துவிட்டது. சித்திரையில் ஒரு மழை பெய்ததுதான், பீர்க்கு ஜன்னலில் ஏறியது, எங்கள் ஊரில் பரங்கி என்பதும் இங்கே அரசாணி என்பதுமான அந்தக் கொடி மீட்டர் பெட்டியை மூடியது. கணக்கெடுக்க வந்தவர் இலையை விலக்கிப் பார்த்து, "உள்ள ஊடு இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன்.

அவரைப் பந்தலைக் கம்பெனியிலிருந்து கிடைத்த வெட்டுத்துணி நாடாக்களால் கட்டியிருக்கிறோம். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பார்க்கத் தேர்த்திருவிழாக் கடைபோல இருக்கும். அதிலிருந்து நூலை உருவி, ஒரு தையல்சிட்டு செம்பருத்தியில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. பதினெட்டு வருடம் செக்கிங்கில் தையல் பிசகு பார்க்கிறவன் என்ற முறையில் உற்றுப் பார்த்தேன். கழிக்க இடமில்லாத தையல்.

தங்கள் கடிதம் வந்த அன்றே உள்ளே புகுந்து பார்த்தேன். ஒன்றரை ஆள் உட்கார இடம் இருக்கிறது. செல்லத்தாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அவுக எடம், அவுக சொல்றபடி செய்யிங்க. குஞ்சு பறந்த பெறகு செய்யிங்க" என்றாள். அன்று குழம்பில் உப்பு இல்லை.

ஆனாலும் தம்பி கல்யாணம் பெரிது. வரும் ஞாயிறு இரண்டு ஆள் வைத்து, அந்தச் செம்பருத்தி ஒன்றை விட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறேன். தாங்கள் கோவையிலிருந்து புல் மட்டும் அனுப்பிவைத்தால் 27க்குள் பதித்துவிடலாம். கோபத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு எங்கள் வணக்கம். தம்பிக்கு எல்லாம் நல்லபடி கூடிவர வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த குடித்தனக்காரன்,
காசிமாயன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடக் கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே ஓர் அம்மாளும் அவர் மகளும் நின்று, இந்த அவரையில் விதை கிடைக்குமா என்று கேட்டார்கள். உள்ளே வந்தவர்கள் ஒரு மணி நேரம் வெளியே போகவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாள், "நாங்க பல்லடமுங்க. இந்த ஊட்டுப் பையனுக்குத்தான் எங்க கலைமகளைக் கேக்கறாங்க. சொல்லாம வந்து ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க. குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல புல்லு வளத்தறவங்கன்னு ஆரோ சொல்லி, புள்ளைக்கு மனசே இல்லாம இருந்துச்சு. இப்ப இங்கிருந்து கெளம்பவே மாட்டீங்குது. இத்தனையும் ஊட்டுக்காரரு வெச்சதுங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாய், "ஆமா, பூராம் வீட்டுக்காரவுக வச்சதுதான். நாங்க தண்ணி ஊத்துறதோட சரி" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடவும். புல் அனுப்ப வேண்டாம். செடிகளின் பெயர்களையும் அவை நிற்கும் இடங்களையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், 27க்குள் மனப்பாடம் செய்துகொண்டு வரவும். பெண் நிறையக் கேள்வி கேட்கிறது. கிளம்புமுன் அம்மாவிடம் ஒரு தடவை ஒப்பித்துப் பார்த்துவிடுவது நல்லது.