கொடுக்காத எஞ்சின்

அபையாங் தீவிலிருந்து.

ஆக்லாந்தில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடும் அன்பும் மரியாதையும் மிக்க அண்ணன் இயோடெபா அவர்களுக்கு, தம்பி பரானிகோ எழுதுவது. நாங்களும் தென்னைமரங்களும் நலம். அப்படி எழுதுவது முறை. உண்மையில் நான் நாசமாய்ப் போனேன்.

நீங்கள் அனுப்பிய படகு எஞ்சின் வந்து சேர்ந்தது. 'இதையாவது காப்பாற்று, கேட்கிறவனிடம் முடியாது என்று சொல்லப் பழகு' என்ற உங்கள் சீட்டும் வந்தது. நியாயம்தான். போன தடவை அனுப்பிய ரேடியோவை மச்சான் கேட்டான், சைக்கிளைப் பாதிரியாரின் சமையல்காரர் கேட்டார், கடியாரத்தைக் கேட்டது யாரென்றே நினைவில்லை. சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டால் கொடுக்காமலிருக்க நான் என்ன வெள்ளைக்காரனா? ஆனாலும் அண்ணன் சொல் தட்டக்கூடாதே என்று, மச்சான் புவேரே வந்து "எஞ்சினைக் கேக்க வந்தேன் மச்சான்" என்றதும், கண்ணை மூடிக்கொண்டு "குடுக்க முடியாதுடா" என்றேன். அவன் சண்டைக்கு வரவில்லை. "அக்கா, நீதான் பாவம்" என்று என் மனைவி தெரேசியாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் பாயில் குப்புற விழுந்து அழுதாள்.

இன்றோடு பன்னிரண்டு நாள், அண்ணா. ஒருத்தரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை, ஒரு தேங்காய்கூட! ஊர் மண்டபத்தில் நான் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பாய் காலி. மீனாவது பிடிப்போமென்றால் படகைத் தள்ள நாலு பேர் வேண்டும். முடியாதென்றவன் எந்த மூஞ்சியோடு போய்க் கூப்பிடுவான்? அதுகூடப் போகட்டும். சனிக்கிழமை சின்னவள் கல்யாணம். பன்றியைப் பெரியப்பாவிடமும் பாயை அத்தையிடமும் கேட்டு வாங்குவதாக இருந்தேன். இப்போது கையில் இருபது டாலரும் ஓர் எஞ்சினும் இருக்கின்றன. எஞ்சினை அவித்தா பந்தி போடுவது? "அப்பா, கல்யாணத்துக்கு யாருப்பா வருவாங்க?" என்று அவள் கேட்டபோது செத்துப்போகலாம் போலிருந்தது. அண்ணே, பேங்குல பணம் வச்சிருக்கிறவங்களுக்கு உங்க புத்திமதி சரி. எனக்கு இந்த ஊர்தானே பேங்கு! அதையும் நானே இழுத்து மூடிட்டேனே, படுபாவி!

இனி எதையும் அனுப்ப வேண்டாம். கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் அண்ணிக்குப் பொறுமையும் தருவாராக.

இப்படிக்கு,
எஞ்சின் உள்ள அநாதை,
பரானிகோ.

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது புவேரே வந்து, "மச்சான், அந்த எஞ்சின்..." என்று இழுத்தான். அவன் முடிப்பதற்குள் பெட்ரோல் டப்பாவோடு தூக்கிக் கொடுத்துவிட்டு ஓவென்று அழுதேன். ஒரு மணி நேரத்தில் மூன்று பன்றி, பதினோரு பாய். சின்னவள் சிரிக்கிறாள். வீட்டில் உட்கார இடமில்லை. மீன் பிடிக்கத்தான் வழியில்லை. ஆகவே அண்ணா, இன்னோர் எஞ்சின் வேண்டும். வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.