ஆட்டோவில் போன கீபோர்டு

ஜூலை 14, திங்கட்கிழமை, காலை மணி ஆறு நாற்பது, காற்றோடு லேசான தூறல். பஞ்சாங்கத்துக்கு இணையான கிறுக்கன் ஸ்ரீரங்கத்தில் இதுவரை பிறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாயிற்று.

எங்கள் மாடியில் குடியிருந்த இளைஞனுக்குத் தெரு வைத்த பெயர்தான் பஞ்சாங்கம். கம்ப்யூட்டர் வேலை. நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டான். வைஃபை பெட்டியை ஈசானிய மூலையில்தான் வைப்பேன் என்று வைத்தான். அவன் அறைக்குச் சிக்னல் எட்டவில்லை. மாடிப்படியில் நான்காவது படியில் உட்கார்ந்தே வேலை பார்த்தான். துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அவனுடைய மீட்டிங்கைத் தாண்டித்தான் நான் போக வேண்டும்.

ஒருநாள், "படியில உக்காந்து பாக்குற வேலைதானே சார், வியட்நாம்ல உக்காந்தும் பாக்கலாமே?" என்றான். கம்பெனி எட்டு வாரம் சோதனைக்கு அனுமதித்தது. ஒரு திங்கட்கிழமை மீட்டிங் தவறினாலும் சென்னை ஆபீசுக்குத் திரும்பிவிட வேண்டும்.

முதல் மீட்டிங் அன்றுதான் ஹனோயிலிருந்து அந்த போன்.

"சார், மீட்டிங் இங்க ஒம்பது மணிக்கு. நம்ம ஊர்ல ஏழரை. ராகு காலம் ஆரம்பிக்குது!"

"அது இங்கப்பா. அங்க ஒம்பதுக்கு முடிஞ்சிருக்குமே?"

"சம்பளம் நம்ம ஊர் பேங்க்லதானே சார் விழுது? அப்ப நம்ம ஊர் கணக்குதான். வேலையே போனாலும் ராகு காலத்துல தொடங்க மாட்டேன்."

வழியையும் அவனே சொன்னான். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் தங்கள் பையை மட்டும் முன்கூட்டியே வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்போம். அவனுடைய பழைய கீபோர்டு என்னிடம் இருந்தது.

"தெருமுனை வீட்டுல வெச்சா போதாதா?"

"வெளிநாட்டு வேலை சார். ஆத்தையாவது தாண்ட வேண்டாமா?"

தூறலில் ஆட்டோ கிடைப்பதற்குள் மணி ஏழு.

"கீபோர்டு ரிப்பேருங்களா?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா, வியட்நாம் போகுது."

காவிரிப் பாலம் முடியும்வரை அவர் கண்ணாடியில் என்னையே பார்த்தபடி ஓட்டினார்.

தில்லை நகரில் என் தங்கை கதவைத் திறந்தாள். "என்னண்ணே, காலங்காத்தால இதைத் தூக்கிட்டு வந்து நிக்கறே? வீட்ல சண்டையா?"

"எதுவும் கேக்காதே. முதல்ல இதை உள்ள வை!"

ஏழு இருபத்தாறுக்கு அவனை அழைத்து, "வெச்சாச்சு" என்றேன்.

"ஜாயின் பண்றேன் சார்!"

ராகு காலம் வாராவாரம் வரும் என்பதை நான்தான் யோசிக்கவில்லை. கீபோர்டு என்னோடு திரும்பி வரும், மறு திங்கள் மறுபடி கிளம்பும். "வாங்க வியட்நாம்காரரே" என்று தங்கையே கை நீட்டி வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

எட்டு வாரம் முடிந்தது. கம்பெனி சரி என்றுவிட்டது. இனி அவனுக்கு நான் எதற்கு? ஒன்பதாம் திங்களன்று ஆறேகாலுக்கே சட்டையை மாட்டிக்கொண்டு போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆறு நாற்பதுக்கு அடித்தது.

ஆட்டோ செலவை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் "இனி வேண்டாம் சார்" என்றுவிடுவான். அன்றோடு சேர்த்து ஆனது இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.