போனஸில் வந்த பலகைக் கட்டில்

சம்பளத்தைச் செலவழிக்கப் புத்தி தேவையில்லை; அது தானாகவே தீர்ந்துவிடும். போனஸைச் செலவழிக்கத்தான் புத்தி வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். என்னிடம் அது நிறையவே இருக்கிறது என்றும் நம்பினேன். (இரண்டாவது நம்பிக்கை தவறு என்று தெரிய ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது.)

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு நூல் மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். என் மனைவி தெய்வானை தலைப்பிரசவத்துக்குக் கல்லலில் இருந்த அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. மூன்றாம் மாதம் அழைத்துவருவதாக ஏற்பாடு. அந்த வருஷத்து போனஸ் வந்த சேதி எட்டியதும் ஒரு கார்டு போட்டாள். ‘முதல்ல கூரைக்கு ஓடு மாத்துங்க. ஒழுகுற வீட்டுல பிள்ளையை எங்க போடுறது?’

வீட்டுக்காரர் கூரைக்கு நான் ஏன் அழ வேண்டும்? பிள்ளை ஈரத் தரையில் படுக்கக் கூடாது, அவ்வளவுதானே! நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் பழைய சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பர்மா தேக்கில் பலகைக் கட்டில் ஒன்று கிடந்தது. நாலு பேர் படுத்தாலும் ஐந்தாவது ஆளுக்கு இடம் இருக்கும். மொத்த போனஸையும் கொடுத்துவிட்டு, அங்கிருந்த ஆட்களை வைத்தே கட்டிலைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிவந்தேன்.

என் மாமனார் தச்சர். அவர் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுவதற்குள் நானே கட்டிலைப் பூட்டிக் காட்டி அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர்கள் வரவிருந்த ஞாயிறு மதியம், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்காதபடி கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தேன். சட்டங்களைச் சொருகி, ஆப்பு அடித்து இறுக்கி முடித்தபோது எனக்கு வேர்த்துக் கொட்டியது. கட்டில் சுவருக்குச் சுவர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே மெச்சிக்கொண்டேன்.

வெளியே குதிரை வண்டிச் சத்தம். கட்டில்மேல் ஏறிக் கதவை இழுத்தேன். நாலு விரல் அகலம் திறந்து, கட்டிலில் இடித்து நின்றது. உள்பக்கம் திறக்கிற கதவு அது. எங்களுக்கு இருந்ததோ ஒரே அறை, ஒரே வாசல். கட்டிலைத் திருப்பவும் முடியாது, நகர்த்தவும் முடியாது.

"மாப்பிள்ளை, நாலரைக்கு ராகு காலம்" என்றார் மாமனார் வெளியிலிருந்து. "நல்ல நாளெல்லாம் முடிஞ்சு நாளைக்கு மார்கழி பிறக்கப் போகுது. இந்த நேரம் தப்புச்சுன்னா பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோயிட்டு, தை பிறந்துதான் வருவோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளையை அதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன்.

தெய்வானை பிள்ளையோடு ஜன்னலுக்கு வந்தாள். கம்பி வழியாகக் கட்டிலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஓடு மாத்துங்கன்னுல்ல எழுதுனேன்?"

"பிள்ளைக்குத்தான்..." என்றேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். தச்சர் வீட்டுப் பெண் அல்லவா, காரியத்தில் இறங்கிவிட்டாள்.

"ஆப்பை எங்குட்டு இருந்து அடிச்சீக?"

"அங்குட்டு... இல்லை, இங்குட்டு."

"பதறாதீக. அடிச்ச பக்கமே அடிச்சா இன்னும் இறுகும். நுனி தெரியிற பக்கமாப் போயி எதிர்த்துத் தட்டுங்க."

சுத்தியலை எடுக்கப் போனேன், முடியவில்லை. பிள்ளை கம்பிக்குள் கையை நீட்டி என் விரலைப் பிடித்திருந்தாள். விட மாட்டேன் என்கிறாள். (உள்ளதைச் சொன்னால், நானும் இழுக்கவில்லை.)

"மாப்பிள்ளை, கொஞ்சுறதெல்லாம் அப்புறம்!" என்று கத்தினார் மாமனார்.

ஆப்பு ஒவ்வொன்றாகக் கழன்றது. ராகு காலத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தெய்வானை வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். மாமனார் அதே கட்டிலை நீளவாக்கில் பூட்டி நிறுத்தினார். பிள்ளையை அதில் படுக்க வைத்த நேரம் பார்த்து மழை பிடித்தது. முதல் சொட்டு சரியாகத் தலையணையில் விழுந்தது.

இப்போதாவது திட்டிவிடுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாயை விரித்தாள்.

"என்ன நிக்கிறீக? உள்ள வாங்க. கூரை நல்லாத்தான் வாங்கியிருக்கீக."

மூவரும் கீழே படுத்துக்கொண்டோம். மாமனார் மேலே குடை விரித்து உட்கார்ந்தார். அவர் சிரிக்கச் சிரிக்கப் பலகை எங்கள் தலைக்கு மேல் ஆடியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் படுத்ததில்லை.

ஓடு மறுவருஷ போனஸில் மாறியது. (தெய்வானையே ஆள் வைத்து மாற்றினாள்.) அன்று என் விரலைப் பிடித்தவளின் மகன் போன வருஷம் முதல் போனஸில் பைக் வாங்கிவிட்டு, பெருமையாக ஃபோன் செய்தான். தெய்வானை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏப்பா, மழை வந்தா அதுக்கு அடியில மூணு பேரு படுக்கலாமா?"